சிறிய சமையலறையின் மேடைச் சுவருக்கு எதைப் பதிப்பது? குறைந்த செலவில் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சமையல் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே தெரியும் குறுகிய சுவர்ப் பட்டைதான் சமையலறையில் மிக அதிகமாக அடிபடும் இடம். எண்ணெய் தெறிப்பதும் நீராவி படிவதும் குழாய்த் தண்ணீர் சிதறுவதும் அங்கேதான். ஆனால் புதுப்பிக்கும் வேலையில் இதைக் கடைசியாகத்தான் நினைக்கிறோம். அலமாரிக்கும் மேடைக்கும் போக மிஞ்சிய பணத்தில், சதுர அடி விலை எது குறைவோ அதை வாங்கி ஒட்டிவிடுகிறோம்.

சதுர அடி விலையை வைத்து இந்தச் சுவரைத் தீர்மானிக்கக் கூடாது. சிறிய சுவரில் பொருளின் விலை மொத்தச் செலவில் ஒரு பங்குதான். பழைய சுவரைச் சீராக்குவது, வெட்டுவது, பிளக் பாயிண்டுகளுக்குத் துளை போடுவது, பசை, கிரவுட் (டைல்ஸ் இடைவெளிகளை நிரப்பும் கலவை), ஓரப் பட்டை, ஆள் கூலி ஆகியவை சுவர் சிறியது என்பதற்காக அதே அளவில் குறைந்துவிடுவதில்லை. அதனால் விலை குறைந்த பொருள் முடிவில் செலவு அதிகமான வேலையாக மாறலாம். விலை கூடிய பொருளைத் தேவையான ஓரிடத்தில் மட்டும் வைத்து மொத்தத்தில் மிச்சப்படுத்தவும் முடியும். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள். பொருட்களைப் பார்க்கப் போவது நான்காவது படியில்தான்.

படி 1: ஒரே சுவரை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் மேடைச் சுவரை வரைந்து, அடுப்பு, சிங்க், பிளக் பாயிண்டுகள் இருக்கும் இடங்களைக் குறியுங்கள். பிறகு அதை மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள்.

முதலாவது சூட்டுப் பகுதி: அடுப்பின் அகலமும், அதன் இருபுறமும் ஒரு சாண் அளவும், மேலே புகைபோக்கி வரையிலும். எரிவாயு அடுப்பு என்றால் இந்தப் பகுதியில் தீப்பற்றாத பொருள் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பின் பர்னரில் அகலமான பாத்திரத்தை வைத்தால், தீச்சுடர் பாத்திரத்தின் அடியில் தட்டி வெளிப்பக்கமாக விரியும். அந்தச் சூடு நேராகச் சுவரில்தான் மோதும். சிறிய சமையலறைகளில் மேடையின் ஆழமும் குறைவாக இருப்பதால் பர்னர் சுவரை ஒட்டியே இருக்கும். சுவரிலிருந்து எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று அடுப்போடு வரும் கையேட்டில் போட்டிருப்பார்கள். அந்த அளவை முதலில் பாருங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் நிலைமை கொஞ்சம் தளர்கிறது. தீ இல்லை, சுவர் அவ்வளவாகச் சூடாகாது. ஆனாலும் எண்ணெய் தெறிக்கும், சூடான பாத்திரம் சுவரில் உரசும்.

இரண்டாவது ஈரப் பகுதி: சிங்குக்குப் பின்புறமும், மேடை முழுவதும் சுவரைத் தொடும் கீழ் விளிம்பும். தண்ணீர் உள்ளே இறங்குவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான். மூன்றாவது உலர்ந்த பகுதி, அதாவது மீதி எல்லாம். எப்போதாவது துடைத்தால் போதும் என்கிற இடம். சிறிய சமையலறைகளில்கூட இது கணிசமாக இருக்கும், மிச்சம் பிடிக்க வழி இருப்பதும் இங்கேதான்.

படி 2: அளவெடுங்கள், டைல்ஸ் அளவையும் இப்போதே யோசியுங்கள்

மேடையிலிருந்து மேல் அலமாரியின் அடிவரை உள்ள உயரம் பெரும்பாலும் 45 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல் இரு முனைகளிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். பழைய கட்டடங்களில் மேடை ஒரு பக்கம் சரிந்திருப்பது சாதாரணம்.

ஓர் உதாரணம்: 2.4 மீட்டர் நீளம், 60 செ.மீ. உயரம் என்றால் 1.44 சதுர மீட்டர், அதாவது சுமார் 15½ சதுர அடி. வெட்டும்போது வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 17 சதுர அடி. மூலைவாட்டில் பதிப்பதாக இருந்தால் 15 சதவீதம் சேர்க்க வேண்டும். இதில் சூட்டுப் பகுதி ஒரு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் அது 0.6 சதுர மீட்டர்தான், ஆறரை சதுர அடி. நல்ல பொருள் கட்டாயம் தேவைப்படும் இடம் அவ்வளவே என்று தெரிந்ததும் பட்ஜெட் பற்றிய கவலை பாதி குறையும்.

மேல் அலமாரி இன்னும் மாட்டப்படவில்லை என்றால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 300×600 மி.மீ. டைல்ஸை நிமிர்த்தி வைத்தால், மேலே சொன்ன சுவருக்கு எட்டு டைல்ஸ் ஒரே வரிசையில் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். அதற்கு அலமாரியை மேடையிலிருந்து 60 செ.மீ.க்குச் சில மில்லிமீட்டர் கூடுதலாக மாட்டச் சொன்னால் போதும். கீழ் விளிம்பில், இடைவெளியை அடைக்கும் சிலிகானுக்கு வேண்டிய இடமும் கிடைத்துவிடும், உயரத்தை வெட்டும் வேலையும் மிச்சமாகும். டைல்ஸின் அளவைத் தீர்மானித்துவிட்டு அலமாரியின் உயரத்தைக் குறிப்பது என்ற இந்த வரிசை மாற்றத்துக்கு ஒரு காசும் செலவாகாது.

படி 3: பழைய சுவர் எதைத் தாங்கும் என்று பாருங்கள்

நேரான நீண்ட மரச்சட்டத்தை அல்லது அலுமினியச் சட்டத்தைச் சுவரில் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் கண்ணாடி, எவர்சில்வர், பெரிய பலகைகள் எல்லாம் தொல்லை கொடுக்கும். சுவரைச் சமப்படுத்தும் செலவையும் அவற்றோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். டைல்ஸ் இந்த விஷயத்தில் பொறுமையானது. சிறு மேடுபள்ளங்களைப் பசையின் தடிமனிலேயே சரிக்கட்டலாம்.

ஏற்கெனவே டைல்ஸ் இருக்கிறதா? ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால், உடைக்காமல் அதன்மேலேயே புதிய டைல்ஸ் பதிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் நீக்கி, பளபளப்பான பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதற்கென உள்ள பிரைமர் பூசிப் பதிக்க வேண்டும். உடைக்கும் கூலியும் குப்பை அள்ளும் செலவும் மிச்சம். ஆனால் சுவர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முன்னால் வரும். பிளக் பாயிண்டுகளை முன்னுக்கு இழுக்க வேண்டும், குழாய் சுவரிலிருந்து வருகிறது என்றால் அதையும் கவனிக்க வேண்டும். தட்டும்போது வெற்று ஒலி பரவலாக வந்தால் அந்த டைல்ஸின்மேல் எதையும் ஒட்டாதீர்கள். புதியது பழையதோடு சேர்ந்து விழும்.

பல பத்தாண்டுகள் பழைய கட்டடம் என்றால், சுவர்ப் பலகைகளிலும் பழைய பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால் சோதிக்காமல் உடைக்க வேண்டாம். சாதாரண டைல்ஸை வெட்டும் தூசியும் நுரையீரலுக்குக் கெடுதல்தான். தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள், முகக்கவசம் இல்லாமல் யாரையும் வேலை செய்ய விடாதீர்கள்.

படி 4: பொருட்களை ஒவ்வொன்றாக எடைபோடுங்கள்

பளபளப்புப் பூச்சுள்ள செராமிக் டைல்ஸ்: சிறிய பட்ஜெட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், மூன்று பகுதிகளிலும் நிற்கக்கூடியது என்பதால். தீயில் எரியாது, தண்ணீர் புகாது, கறை துடைத்தால் போய்விடும். 'விட்ரிஃபைட் டைல்ஸ்தான் உறுதி' என்று பலர் சொல்வார்கள். தரைக்கு அது சரி. விட்ரிஃபைட் டைல்ஸின் உடல் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, சுவருக்கான செராமிக் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேலேயே உறிஞ்சும். ஆனால் சுவரில் தண்ணீர் படுவது உடலில் அல்ல, மேற்பூச்சில். அந்தப் பூச்சு இரண்டிலும் தண்ணீரை விடாது. இந்தச் சுவரில் யாரும் நடக்கப் போவதும் இல்லை. மாறாக, செராமிக் மென்மையானது என்பதால் சாதாரண வெட்டுக்கருவியிலேயே வெட்டலாம், துளையிடலாம். விட்ரிஃபைடுக்கு வைர விளிம்புள்ள பிளேடும் அதற்கேற்ற பசையும் வேண்டும், கூலியும் கூடும்.

டைல்ஸில் உண்மையான தலைவலி அதன் இடைவெளிகள்தான். ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு நீளத்துக்கு இடைவெளிக் கோடுகள் வருகின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 300×600 மி.மீ. டைல்ஸில் 5 மீட்டர். செங்கல் வடிவிலான 75×150 மி.மீ. டைல்ஸில் 20 மீட்டர். 25 மி.மீ. சதுர மொசைக்கில் 80 மீட்டர். எண்ணெய்ப் பிசுக்கு தங்குவதும் பூஞ்சை பிடிப்பதும் இந்தக் கோடுகளில்தான். மொசைக் படத்தில் அழகாக இருக்கும். அடுப்புக்குப் பின்னால் அதை வைத்துவிட்டு 80 மீட்டர் கோட்டைத் தேய்த்துக் கழுவப்போவது யார் என்பதையும் வீட்டில் பேசித் தீர்மானியுங்கள். செங்கல் வடிவம்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் தாராளமாக வைக்கலாம், ஆனால் கிரவுட்டில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. சிமெண்ட் கிரவுட் நுண்துளைகள் உள்ளது, கறையைக் குடிக்கும், அதனால் அதன்மேல் துளைகளை அடைக்கும் சீலர் பூச வேண்டும். எபாக்ஸி என்ற பிசினால் ஆன கிரவுட் குடிக்காது. விலை பல மடங்குதான். ஆனால் உங்கள் சுவருக்குத் தேவைப்படுவது ஒரு சிறிய பொதி. பெரிய வீட்டில் கட்டுப்படியாகாத இந்தச் செலவு சிறிய சமையலறையில் கட்டுப்படியாகும். எபாக்ஸி வேகமாக இறுகும், டைல்ஸ்மீது படிந்ததை உடனே துடைக்க வேண்டும். முன்பு செய்து பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

சிறிய சுவருக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. பதினேழு சதுர அடி என்பது இரண்டு மூன்று பெட்டிகள்தான். பெரிய வேலைக்குப் போதாது என்று ஒதுக்கி வைத்திருக்கும் கடைசி இருப்புகளில் நல்ல டைல்ஸ் மலிவாகக் கிடைக்கும். பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் நிற எண்ணும் தொகுப்பு எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஒரே பெயருள்ள டைல்ஸ் வெவ்வேறு தொகுப்பில் வேறு சாயலாக இருக்கும், சுவரில் ஏறிய பிறகுதான் அது கண்ணை உறுத்தும்.

எவர்சில்வர் தகடு: முழுச் சுவருக்கும் எவர்சில்வர் என்றால் செலவு ஏறும், சூட்டுப் பகுதிக்கு மட்டும் என்றால் அது அருமையான தேர்வு. இடைவெளியே இல்லாத ஒரே தகடு, எரியாது, ஒரு துடைப்பில் சுத்தம். 304 என்ற ரகத்தைக் கேளுங்கள். அதில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 430 ரகம் மலிவு, நிக்கல் கிட்டத்தட்ட இல்லை, காந்தம் ஒட்டும், ஈரத்தில் கறைபடும் வாய்ப்பு அதிகம். சிங்குக்கு அருகே வராத தகட்டுக்கு 430 போதும். மெல்லிய தகடு சொட்டையாகத் தெரியும். ஒரு மி.மீ. தடிமன் இருந்தால் நல்லது, ஓரங்களை மடித்து வாங்குங்கள். தகடு சூட்டைப் பின்னால் கடத்தும் என்பதால், அதன் பின்னால் பிளைவுட் வைக்காமல் சமமான பூச்சுச் சுவரிலோ சிமெண்ட் பலகையிலோ ஒட்ட வேண்டும். தகட்டில் தெரியும் மெல்லிய கோடுகளின் திசையில் மட்டும் துடையுங்கள், குளோரின் கலந்த பிளீச்சைக் கிட்டேயே கொண்டு போகாதீர்கள்.

டஃபண்ட் கண்ணாடி (சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடி): பின்புறம் வண்ணம் பூசிய கண்ணாடி இருட்டான சிறிய அறையை வெளிச்சமாகக் காட்டும். மலிவு வரிசையில் இதைச் சேர்க்க முடியாது. சூட்டுப் பகுதிக்கு ஒரே துண்டாக, பிளக் துளை எதுவும் இல்லாமல் வாங்கினால் ஓரளவு கைக்குள் அடங்கும். வழக்கமான தடிமன் 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடியை அடுப்புக்குப் பின்னால் வைக்கவே கூடாது, சூட்டு வேறுபாட்டில் விரிசல் விடும். டஃபண்ட் செய்த பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் முழுத் துண்டும் சிறு சிறு துகள்களாக நொறுங்கிவிடும். ஆகவே மேடை பொருத்தி முடித்த பிறகே அளவு கொடுங்கள். வெள்ளை வண்ணம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரணக் கண்ணாடியில் லேசான பச்சை இருக்கிறது, வெள்ளை அதன் வழியாகப் பச்சை கலந்து தெரியும். சுத்த வெள்ளைக்கு இரும்புச் சத்துக் குறைந்த கண்ணாடி வேண்டும், அதற்கு விலை இன்னும் கூடும்.

கல் துண்டுகள்: மேடைக்குக் கிரானைட் போடுகிறீர்கள் என்றால், வெட்டிய மிச்சத்தைத் தூக்கிப் போட விடாதீர்கள். அதிலிருந்து 10 செ.மீ. உயரப் பட்டை எடுத்து மேடையின் பின்விளிம்பு நெடுக நிறுத்தினால் ஈரப் பகுதியின் மோசமான பாதி அடைபட்டுவிடும். அதற்கு மேலே உலர்ந்த பகுதியில் வண்ணம் பூசினாலே போதும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான, அதே நேரம் நீடிக்கிற ஏற்பாடு இல்லை. மார்பிள் மட்டும் வேண்டாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் அதன் பளபளப்பு அரிக்கப்பட்டு மங்கல் விழும், துடைத்தாலும் போகாது. குவார்ட்ஸ் எனப்படும் செயற்கைக் கல்லில் பிசின் கலந்திருக்கிறது. எரிவாயு அடுப்புக்குப் பின்னால் அதுவும் சரிவராது.

லேமினேட், அக்ரிலிக், பிவிசி பலகைகள்: மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், மூன்றுக்கும் குறை ஒன்றுதான்: சூடு. அக்ரிலிக் சுமார் 100 டிகிரி செல்சியஸில் இளகும், பிவிசி அதற்கும் முன்பே. எரிவாயு அடுப்புக்குப் பின்னால் இவற்றைப் பொருத்துவது ஆபத்து. 'வெப்பம் தாங்கும்' என்று யாராவது சொன்னால், எத்தனை டிகிரி, எந்த அடுப்புக்கு என்று தயாரிப்பாளரின் எழுத்து விவரத்தைக் கேளுங்கள். உலர்ந்த பகுதியிலும் சிங்குப் பக்கமும் இவை நன்றாகவே உழைக்கும். லேமினேட்டின் வெட்டு விளிம்பைச் சிலிகான் கொண்டு மூடாவிட்டால் உள்ளே இருக்கும் பலகை தண்ணீர் குடித்து ஊதிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பு உள்ளவர்களுக்குத் தடிமனான லேமினேட் பலகை யோசிக்கத் தகுந்தது.

ஒட்டும் வினைல் தாள்: வாடகை வீட்டில் உலர்ந்த பகுதிக்குச் சரி. நீராவியிலும் சூட்டிலும் பசை விட்டு ஓரம் சுருளும். வாடகை வீட்டுக்காரர்கள் அடுப்புக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் தகட்டை ஒட்டாமல் சாய்த்து நிறுத்தினால், வீடு மாறும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

வண்ணப்பூச்சு: கழுவக்கூடிய எனாமல், பளபளப்பு ரகம், உலர்ந்த பகுதிக்கு மட்டும். பழைய டைல்ஸ்மேல் பூசும் பெயிண்டும் உண்டு. பிசுக்கு நீக்கி, தேய்த்து, பிரைமர் அடித்துப் பூசினால் சில காலம் தாங்கும். சிங்குக்கும் அடுப்புக்கும் அருகே உரிந்து வரும்.

படி 5: மொத்தச் செலவை ஒரே தாளில் எழுதுங்கள்

பிடித்த இரண்டு அல்லது மூன்று ஏற்பாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, 'முழுதும் செராமிக்', 'அடுப்புக்குப் பின்னால் எவர்சில்வர், கீழே கல் பட்டை, மீதி வண்ணம்', 'அடுப்புக்கும் சிங்குக்கும் டைல்ஸ், நடுவில் லேமினேட்'. ஒவ்வொன்றுக்கும் பொருள் (வீணாவதையும் சேர்த்து), சுவரைச் சீராக்குவது, பசை, கிரவுட் அல்லது சிலிகான், ஓரப் பட்டை, துளைகள், ஏற்றுக்கூலி, பதிப்பவர் கூலி, பிளக் பாயிண்டை நகர்த்தும் எலக்ட்ரீஷியன் கூலி என வரிவரியாகப் போடுங்கள். பதிப்பவரிடம் 'சதுர அடிக்கு எவ்வளவு' என்று மட்டும் கேட்காமல் 'இந்த வேலை முழுதுக்கும் எவ்வளவு, அதில் எவையெல்லாம் அடக்கம்' என்று கேளுங்கள். சிறிய வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று வைத்திருப்பார்கள், சதுர அடிக் கணக்கு அங்கே செல்லாது.

இரண்டு பொருட்களைக் கலக்கும்போது, அவை சந்திக்கும் கோடு அலமாரியின் விளிம்போடோ அடுப்பின் விளிம்போடோ நேராக விழட்டும். எங்கோ நடுவில் முடிந்தால் பணம் போதாமல் நிறுத்தியது போலத் தெரியும்.

படி 6: மாதிரித் துண்டைச் சோதியுங்கள்

ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். அதை மேடைமேல் நிமிர்த்தி வைத்து, பகலிலும், இரவில் உங்கள் விளக்கிலும் பாருங்கள். எண்ணெயையும் நிறம் பிடிக்கும் ஏதாவதொன்றையும் தடவி, ஒரு இரவு விட்டு, சாதாரண சோப்பில் துடைத்துப் பாருங்கள். சொரசொரப்பான மேற்பரப்புகள் இந்தச் சோதனையில் தோற்பதே வழக்கம். அடர்நிறப் பளபளப்பில் தண்ணீர்த் துளி காய்ந்த தடம் அப்படியே தெரியும், உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். இடைநிலைச் சாம்பல் நிறக் கிரவுட் பெரும்பாலான டைல்ஸுக்கு ஒத்துப்போகும், வெள்ளை போலக் கறை காட்டாது.

படி 7: பதிக்கும் நாளில் பக்கத்தில் இருங்கள்

மேடை முதலில், சுவர் பிறகு. மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டுத்தான் பிளக் பாயிண்டுகளைக் கழற்ற வேண்டும். பசை தடவுவதற்கு முன் டைல்ஸை மேடைமேல் அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுப்பின் நடுக்கோட்டிலிருந்து தொடங்கினால் கண்ணுக்குச் சீராக இருக்கும். ஓரத்தில் விரலளவு துண்டு வருவதாகத் தெரிந்தால் அரை டைல்ஸ் நகர்த்தித் தொடங்குங்கள்.

டைல்ஸின் நான்கு மூலையிலும் நடுவிலும் கலவையை உருண்டையாக வைத்து அழுத்தும் முறையை அனுமதிக்காதீர்கள். இடையில் வெற்றிடம் விழும், பின்னால் ஏதாவது இடித்தால் அங்கேதான் உடையும். பல்வைத்த கரண்டியால் பசையைச் சுவர் முழுவதும் சீராக இழுத்துப் பதிக்க வேண்டும். ஓரம் சீராக அறுத்த டைல்ஸுக்கு 2 மி.மீ., மற்றவற்றுக்கு 3 மி.மீ. இடைவெளி. கிரவுட் போட ஒரு நாள் பொறுங்கள்.

மேடையும் சுவரும் சேரும் கோட்டில் கிரவுட் வேண்டாம். இரண்டும் தனித்தனியாக அசையும், கிரவுட் வெடித்துத் தண்ணீர் உள்ளே போகும். 2 முதல் 3 மி.மீ. இடம் விட்டு, பூஞ்சை எதிர்ப்புள்ள சிலிகான் நிரப்புங்கள். வண்ணக் கண்ணாடிக்கும் கல்லுக்கும் 'நியூட்ரல்' வகைச் சிலிகான்தான் வேண்டும். வினிகர் வாடை வீசும் வகை, பின்புற வண்ணத்தையும் கல்லையும் கெடுக்கக்கூடும். சிலிகான் காயும் வரை ஒரு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுப்பையும் அதுவரை பற்றவைக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய டைல்ஸில் நான்கைந்தையும் கிரவுட்டின் நிற எண்ணையும் ஒரு பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதிச் சிங்குக்கு அடியில் வைத்துவிடுங்கள். பின்னாளில் ஒரு குழாயை மாற்ற நேர்ந்தால், அதே தொகுப்பு டைல்ஸ் வேறெங்கும் கிடைக்காது.